பம்பின் தண்டு தேய்ந்தால் கடைசல் பட்டறையில் கவனிக்க வேண்டியவை

கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் கிணற்றுப் பம்பு நீர் தூக்காமல் நின்றுவிட்டால் விவசாயி படும் பாடு சொல்லி முடியாது. அவசரத்தில் தண்டைக் கழற்றிப் பட்டறையில் கொடுத்து, மாலைக்குள் எப்படியாவது சரிசெய்து தரும்படி கேட்கிறோம். அப்படிச் செய்த வேலை அடுத்த நடவுக்குள் மீண்டும் பழுதாகிவிடுவதுண்டு. கிளாண்டு கயிறு போட்டு ஓட்டும் சென்ட்ரிபூகல் பம்பு வைத்திருப்பவர்கள், பட்டறைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

புதிய கயிறு போட்டும் சில நாட்களிலேயே கிளாண்டில் நீர் கொட்டினால் குறை கயிற்றில் இல்லை, தண்டில் இருக்கிறது. கயிறு முழுவதையும் எடுத்துவிட்டு, தண்டின் மேல் நீளவாக்கில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று கொள்ளலாம். மணல் கலந்த நீரும், ஒரு சொட்டு நீர்கூட வராதபடி கிளாண்டை இறுக்கிவிடுவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். இந்தத் தேய்மானத்தின் வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்பட்டால் பம்பு நீர் எடுப்பதும் நின்றுவிடும்.

பள்ளத்தை வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைந்து தருவதாகச் சிலர் சொல்வார்கள். நடுத்தரக் கார்பன் உள்ள எஃகுத் தண்டில் முன்சூடு செய்யாமல் வெல்டிங் வைத்தால் தண்டு வளையும். வெல்டிங்கை ஒட்டிய பகுதி நொறுங்கும் தன்மை அடையும். இதைவிட, தேய்ந்த பகுதியைச் சற்றுக் கடைந்து, அதன் மேல் வெண்கலம் அல்லது துருப்பிடிக்காத எஃகினாலான மெல்லிய புஷ் ஏற்றுவது மேல். ஆனால் ஆழமாகக் கடையக் கூடாது. முறுக்கு விசையைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், 30 மி.மீ. தண்டை 28 மி.மீ. ஆக்கினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலு போகும், 27 மி.மீ. ஆக்கினால் கால் பங்குக்கு மேல் போய்விடும். பள்ளம் அவ்வளவு ஆழமாக இருந்தால் புதுத் தண்டு போடுவதே சிக்கனம்.

தண்டை லேத்தில் எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். தேய்ந்த சக்கில் ஒரு முனையை மட்டும் கவ்விப் பிடித்துக் கடைந்தால், புதிய பரப்பு பேரிங் உட்காரும் இடத்தோடு நேராக அமையாது. இரு முனைகளிலும் உள்ள சென்டர் குழிகளில் தாங்கிப் பிடித்து, டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். தண்டு சுற்றும்போது முள் 0.05 மி.மீ.க்கு மேல் ஆடக் கூடாது. புஷ்ஷைத் தண்டில் ஏற்றிய பின்னரே அதன் வெளிப்புறத்தைக் கடைசி அளவுக்குக் கடைய வேண்டும்.

கடைசல் முடிந்ததும் பரப்பில் திருகாணி மரை போன்ற மெல்லிய கோடுகள் இருக்கும். பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. இக்கோடுகள் அரம் போலக் கயிற்றை அறுத்துவிடும். ஆகவே கூர்மையான உளியால், ஒரு சுற்றுக்கு 0.1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக நகர்த்தி, கடைசிச் சீவலை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு எண்ணெய் தடவிய எமரித் தாளை 120, 220, 400 என்ற வரிசையில் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். ஒரு தாளின் கீறல் மறைந்த பின்பே அடுத்த தாளுக்குப் போக வேண்டும். தேய்ப்பதில் அளவு சற்றுக் குறையும் என்பதால் 0.02 மி.மீ. கூடுதலாக விட்டே கடைய வேண்டும். பேரிங் ஏறும் இடத்தில் மட்டும் எமரி போட்டுத் தேய்க்க விடாதீர்கள். அங்கே இறுக்கம் போய்விடும். அந்த இடம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் சென்டர் பஞ்சால் புள்ளி குத்தித் தருவார்கள். அது சில நாள் ஒப்பேற்றும் வேலைதான்.

எமரித் தாளை விரலில் சுற்றிக்கொண்டு சுழலும் தண்டில் பிடிப்பது விரலைப் பறித்துவிடும். பட்டையாக வெட்டி இரு நுனிகளையும் பிடிக்க வேண்டும். நீங்கள் அருகில் நின்று பார்ப்பதாயின் தோள் துண்டை எடுத்து வைத்துவிடுங்கள்.

தண்டில் விட்டம் மாறும் படியின் மூலை கத்தி முனை போல இருக்கக் கூடாது. விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். சிறு வளைவு விட்டுக் கடையச் சொல்ல வேண்டும். பேரிங்கின் உள் மூலையில் உள்ள வளைவைவிட இது சிறியதாக இருந்தால்தான் பேரிங் படியோடு ஒட்டி உட்காரும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தண்டை மண்ணெண்ணெயில் கழுவி எமரித் தூளை நீக்குங்கள். பேரிங்கைச் சுத்தியால் அடித்து ஏற்றாமல், எண்ணெயில் 80 முதல் 100 டிகிரி வரை சூடாக்கினால் எளிதாக ஏறும். பழைய கயிற்றுத் துண்டுகளை முழுவதும் எடுத்துவிட்டு, புதியவற்றை வளையங்களாக வெட்டி, இணைப்புகள் ஒரே நேராக வராமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். முன்பு கல்நார் கயிறு போடுவது வழக்கம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பதால் டெஃப்லான் அல்லது கிராஃபைட் கயிறு வாங்குவதே நல்லது. கிளாண்டு நட்டுகளைக் கையால் இறுக்கி, பம்பை ஓடவிட்டு, பிறகு இருபுறமும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு நீர் கசிய வேண்டும். அந்த நீர்தான் தண்டைக் குளிர்விப்பது. அரை மணி நேரம் ஓடிய பின் கிளாண்டைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள்.