குத்துப்பட்ட கண்ணில் எவ்வளவு பார்வை மிஞ்சும்?

மரக்காணம் உப்பளங்களில் வேலை செய்பவர்களுக்குக் கண்ணில் உப்புத் தண்ணீர் தெறிப்பது அன்றாடச் சங்கதி. குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரை முகத்தில் அடித்துக் கழுவுவார்கள். எரிச்சல் அடங்கியதும் மறுபடி பலகையைப் பிடித்து உப்பை இழுக்கத் தொடங்குவார்கள். உப்போ சுண்ணாம்போ தெறித்தால் நல்ல தண்ணீரில் கழுவுவதுதான் சரியான முதலுதவி. ஆனால் வரப்போரத்துச் சீமைக்கருவேல முள்ளோ, அறுந்து துள்ளிய கம்பியோ, இரும்பைத் தட்டும்போது பறந்த சில்லோ கண்ணுக்குள் ஏறிவிட்டால், அதே பழக்கம் கண்ணுக்கே வினையாகிவிடும். கிழிசல் வழியே அழுக்குத் தண்ணீர் உள்ளே போகும். தேய்க்கும் விரலின் அழுத்தத்தில் கண்ணுக்குள் இருக்க வேண்டியவை வெளியே பிதுங்கும்.

விழி சுமார் 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மூடிய உருண்டை. அதன் முன்பக்கக் கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் கனம்தான். காயம் கருவிழியோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் தழும்பும் கண்புரையும் மிஞ்சும்; இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. வெள்ளை விழியில், கருவிழியின் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டருக்கு அப்பால் கிழிந்திருந்தால் விழித்திரைக்கே ஆபத்து. பார்வை மீளும் வாய்ப்பு அங்கே வெகுவாகக் குறைகிறது.

“பார்வை திரும்புமா டாக்டர்?” என்று உறவினர்கள் கேட்பதற்கு ஓரளவு கணக்குப்போட்டே பதில் சொல்லலாம். ஃபெரென்ஸ் கூன் என்ற கண் மருத்துவரும் அவருடைய சகாக்களும் அமெரிக்க, ஹங்கேரியப் பதிவேடுகளில் இருந்த 2,500-க்கும் மேற்பட்ட காயமுற்ற கண்களை ஆராய்ந்து 2002-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். காயம்பட்டு வந்ததும் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதுதான் அதன் அடிப்படை. வெளிச்சமே தெரியாவிட்டால் 60, கையசைவு மட்டும் தெரிந்தால் 70, ஓரளவு நன்றாகவே தெரிந்தால் 100. விழி வெடித்திருந்தால் 23, கண்ணுக்குள் சீழ்த்தொற்று இருந்தால் 17, விழித்திரை விலகியிருந்தால் 11 என்று அதிலிருந்து கழித்துக்கொண்டே போவார்கள்.

இதில் நம் கையில் இருப்பது அந்த 17 தான். கையசைவு மட்டும் தெரியும் ஒரு கண், வேறு கோளாறு இல்லாமல் 70 மதிப்பெண்ணோடு வருகிறது என்று வையுங்கள். அந்தப் பிரிவில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட கண்கள் 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வையைப் பெற்றன. அதே கண்ணில் சீழ் பிடித்தால் மதிப்பெண் 53. அந்தப் பிரிவில் அப்படித் தேறியவை 15 சதவீத அளவுதான். முள்ளும் மண்ணும் பட்ட காயத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்தே உள்ளே போகின்றன. 24 மணி நேரத்துக்குள் தைத்துவிட்டால் தொற்று அபாயம் குறைகிறது. தாய்ப்பால் விட்டுப் பார்ப்போம், விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்போம், காலையில் போகலாம் என்று கழியும் இரவுதான் பல கண்களைப் பறிக்கிறது.

ஆகவே, கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள், சொட்டுமருந்தும் வேண்டாம். ஒரு காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணில் படாதபடி எலும்பின் மேல் நிற்கும்படி வைத்து ஒட்டுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால் சாப்பிடக் கொடுக்காதீர்கள். மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி சுமார் 35 கிலோமீட்டர். ஜிப்மரும் அரவிந்த் கண் மருத்துவமனையும் அங்கே இருக்கின்றன. 108-ஐ அழைக்கலாம்.

முதல் அறுவை சிகிச்சை கிழிசலை மூடுவதற்கு மட்டுமே. உள்ளே ரத்தம் கட்டியிருந்தாலோ விழித்திரை விலகியிருந்தாலோ, அடுத்த ஓரிரு வாரங்களில் இன்னொன்று தேவைப்படலாம். நாள்கூலிக்குப் போகிறவர்கள் அதற்குள் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறதே, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் வரத்தான் வேண்டும். அரிதாக, காயம்பட்ட கண்ணின் திசுக்கள் கிளப்பிவிடும் எதிர்ப்பு, அடிபடாத மற்றக் கண்ணையும் தாக்கும். பார்வையற்றோருக்கு எழுத்து தந்த லூயி பிரெயில் 1812-இல், மூன்று வயதில், அப்பாவின் பட்டறையில் ஊசி குத்தி ஒரு கண்ணை இழந்தார். பின்னர் மற்றதும் போயிற்று. இப்படித்தான் போயிருக்கும் என்பது மருத்துவர்களின் கணிப்பு. இன்று ஸ்டீராய்டு மருந்துகள் இருக்கின்றன. நோயாளி வந்தால்தான் அவை பயன்படும். நல்ல கண்ணில் சிவப்போ மங்கலோ கூச்சமோ தெரிந்தால் அன்றே காட்ட வேண்டும்.

ஒரு கண் போனால் எல்லாம் போய்விடவில்லை. மன்சூர் அலி கான் பட்டோடியின் வலது கண்ணில் 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் கண்ணாடிச் சில்லு ஏறியது. ஆறே மாதம் கழித்து, 1962 ஜனவரியில் சென்னை டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன் அடித்தார். தூரத்தையும் ஆழத்தையும் ஒற்றைக் கண்ணால் கணிக்க மூளை சில மாதங்களில் பழகிக்கொள்கிறது. அதுவரை குறுகலான வரப்பில் தலைச்சுமையோடு நடப்பது ஆபத்து. மிஞ்சிய கண்ணுக்கு உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி கட்டாயம்.

அரசின் கணக்கு இங்கே கடுமையானது. ஒரு கண் முற்றிலும் போய் மற்றது நன்றாக இருந்தால் ஊனம் 30 சதவீதம் என்று மதிப்பிடப்படுகிறது; பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். உடலுழைப்பை மட்டுமே நம்பிய ஒருவருக்கு இது போதாது என்றே நினைக்கிறேன். வேலையிடத்து விபத்துக்கான இழப்பீட்டு அட்டவணையோ ஒரு கண் பார்வை இழப்பை 30 சதவீத வருவாய்த்திறன் இழப்பாக ஏற்கிறது. அதைக் கேட்க, காயம் வேலையின்போது ஏற்பட்டதற்குச் சான்று வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கும்போதே விபத்துப் பதிவேட்டில் இடம், நேரம், செய்துகொண்டிருந்த வேலை மூன்றையும் எழுதச் சொல்லி, அந்தப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.