கோடு போட்ட பைஜாமாவில் இரண்டு மேதைகள்

கிட்ட வாருங்கள், சத்தம் போடாமல் இந்தப் பழைய படத்தைப் பாருங்கள். இரண்டு இளம்பெண்கள். பட்டுப்புடவையா? கிடையாது! ஆம்பிளைகள் ராத்தூக்கத்துக்குப் போடுகிற கோடு போட்ட பைஜாமாவும் சட்டையும். வாயில்? ஐயையோ, சிகரெட்!

ஒருவர் பரதநாட்டிய மேதை தஞ்சாவூர் பாலசரஸ்வதி. இன்னொருவர்... ஆமாம், அவரேதான். விடிகாலையில் உங்கள் வீட்டில் சுப்ரபாதம் பாடி எழுப்புகிறாரே, அந்த எம்.எஸ். சுப்புலட்சுமி!

ஆண்டு 1937. பாலாவுக்கு 19 வயது, எம்.எஸ். ஒன்றரை வயது மூத்தவர். வீட்டுக்குத் தெரியாமல் நழுவிப்போய் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டது என்று இசை வட்டாரத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அந்த இருட்டறை ஆளை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது. மருந்துத் தட்டில் காகிதம் மிதக்கிறது. முதலில் கூந்தல் கறுக்கிறது, அப்புறம் பைஜாமாக் கோடுகள், அப்புறம் கண்கள். உதட்டோரம் மட்டும் ஏதோ ஒரு குச்சி கறுக்கவே மாட்டேன் என்று வெள்ளையாக நிற்கிறது. மனுஷன் காகிதத்தை இன்னொரு முறை அலசிப் பார்த்திருப்பார்!

பாலா எந்த வீட்டுப் பெண் தெரியுமா? பாட்டி வீணை தனம்மாள். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீணையை எடுத்தால், பெரிய பெரிய வித்வான்கள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். படம் எடுத்தபோது அந்தப் பாட்டி உயிரோடு இருந்தார் என்பதை மறந்துவிடாதீர்கள்! அம்மா ஜெயம்மாள் மகளின் ஆட்டத்துக்குப் பாடியவர். நட்டுவனார் கந்தப்ப பிள்ளையிடம் கற்று, 1925-இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது பாலாவுக்கு ஏழே வயது. மற்ற குழந்தைகள் பாண்டி ஆடுகிற வயதில் இவருக்கு அடவும் ஜதியும். எம்.எஸ். கதையும் கிட்டத்தட்ட அதேதான். மதுரையில் வீணை சண்முகவடிவின் மகள், சின்ன வயதிலேயே மேடை. விளையாட நேரமே கிடைக்காத இரண்டு பேர் சேர்ந்து ஒருநாள் விளையாடிவிட்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்தது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி எம்.எஸ்ஸுக்கு 1968-இல், பாலாவுக்கு 1973-இல். நாட்டியக்காரர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை. பைஜாமா கோஷ்டி முழுசாகத் தேறிவிட்டது!

சத்யஜித் ரே 1976-இல் எடுத்த ‘பாலா’ ஆவணப்படத்தில் 58 வயது பாலா கடற்கரையில் நின்று கண்ணனைக் கூப்பிடுகிறார். காற்றில் புடவை படபடக்கிறது. பாலா அதைச் சட்டை செய்யவே இல்லை. வாடா என்று கெஞ்சுகிற கண், வராமல் எங்கே போய்விடுவாய் என்கிற உதடு. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு உதட்டோரம் பாருங்கள். அட, 1937-இன் குறும்புக்காரி!