பறக்குமுன் பலகாரம்

காலை ஆறு மணிக்கு ஆகாய விமானம் புறப்படுகிறது என்றால், பிரயாணி இரண்டரை மணிக்கே எழுந்து முகம் கழுவியாக வேண்டும். முதன்முறை பறப்பவருக்கு இது பெரிய ஆச்சரியம். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலானவை புறப்படுவதற்கு 60 நிமிஷம் முன்னதாகவே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடுகின்றன. 25 நிமிஷம் முன்னதாக ஏறும் வாசலையும் அடைத்துவிடுகிறார்கள். நடுவில் சோதனை வரிசை வேறு. எல்லாவற்றையும் கடந்து உள்ளே போய்ச் சேரும்போது கையில் மிஞ்சுவது அரைமணி. வயிற்றில் மிஞ்சுவது பசி.

1932-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானமொன்றை ஓட்டி வந்தார். பிறகு அவருடைய சகா நெவில் வின்சென்ட் அதைச் சென்னைக்குக் கொணர்ந்தார். அந்த விமானத்தில் வந்தவை தபால் மூட்டைகளே. தபாலுக்குப் பசிக்காது, ஆகவே சிற்றுண்டிப் பிரச்னையும் எழவில்லை. பின்னால் மனிதர்கள் ஏறத் தொடங்கியபோது, ஆகாரமும் டிக்கெட்டோடு சேர்ந்தே வந்தது. 2003-ம் வருஷத்தில் குறைந்த கட்டண விமானங்கள் தோன்றின. கட்டணம் இறங்கிற்று, கூடவே இலவச ஆகாரமும் இறங்கிப் போயிற்று. அன்று முதல் விமான நிலையத்துச் சிற்றுண்டிச் சாலைக்கு யோகம் பிறந்தது.

அந்தச் சாலையின் விலைப் பலகையைக் கண்டவர்களுக்குத் தூக்கக் கலக்கம் உடனே தெளிந்துவிடும். காப்பி குடிக்க வேண்டிய அவசியம்கூட இராது! ஏன் இவ்வளவு விலை என்றால், கடைக்காரர் இடத்துக்கு வாடகை செலுத்த வேண்டும், அல்லது விற்பனையில் ஒரு பங்கை நிலையத்தாருக்குக் கொடுக்க வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ரயில்வே ஸ்டேஷனில் ஒரு கடைக்காரர் அதிக விலை கேட்டால், அடுத்த வண்டிக்காரரைக் கூப்பிடலாம். வெளியே போய் வீதிக்கடையில் குடித்துவிட்டும் வரலாம். இங்கோ, சோதனை வாசலைத் தாண்டிய பிரயாணி மறுபடி வெளியே போக முடியாது. பசித்தவனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு விலை சொல்வதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2017-ம் வருஷம் ஏப்ரல் மாதம், சிற்றூர்களை இணைக்கும் ‘உடான்’ திட்டத்தின் முதல் விமானம் சிம்லாவிலிருந்து டில்லிக்குப் பறந்தது. ரப்பர் செருப்பு அணிந்த ஏழையும் விமானத்தில் ஏற வேண்டுமென்பதே திட்டத்தின் நோக்கம் என்று அறிவித்தார்கள். மிக நல்ல நோக்கம். அந்தச் செருப்புக்காரர் ஏறுமுன் எங்கே காப்பி குடிப்பார் என்பதை மட்டும் நெடுநாள் யாரும் யோசிக்கவில்லை. 2024-ம் வருஷக் கடைசியில் பார்லிமெண்டில் இந்த விலைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அந்த டிசம்பரிலேயே கல்கத்தா விமான நிலையத்தில் சர்க்கார் நிர்வாகத்தார் மலிவு விலைச் சிற்றுண்டிச் சாலை ஒன்றைத் திறந்தார்கள். தேநீர் 10 ரூபாய், தண்ணீர் 10 ரூபாய், காப்பி 20, சமோசா 20. 2025 பிப்ரவரியில் சென்னைக்கும் அத்தகைய சாலை வந்தது. இருபது ரூபாய்க்குக் காப்பி கொடுக்க முடியும் என்பது இதனால் ருசுவாகிவிட்டதல்லவா? இனி ஒவ்வொரு நிலையத்திலும், அதுவும் சோதனை வாசலுக்கு உட்புறத்திலேயே, இப்படி ஒரு சாலையை நாம் கேட்டுப் பெற வேண்டும். சமோசாவின்மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் விடியற்காலை நாலரை மணிக்கு வேண்டியது இட்டிலி.

இது நாவின் ஆசை மட்டுமல்ல. விமானத்துக்குள் காற்றின் அழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதைப் போன்றது. அழுத்தம் குறையும்போது வயிற்றிலுள்ள வாயு விரிவடையும். 8,000 அடிக்குச் சமமான நிலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருகும். எண்ணெயில் மிதந்த பூரியும் கிழங்கும் அப்போது என்ன பாடு படுத்தும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. மேலும், விமானத்திலுள்ள வறண்ட காற்றில் உப்பும் இனிப்பும் நாவுக்கு மங்கித் தோன்றும். நல்ல காப்பியைத் தரையிலேயே குடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

இதையெல்லாம் நம் வீட்டுப் பாட்டிமார்கள் எந்த ஆராய்ச்சியும் செய்யாமல் தீர்த்துவைத்திருக்கிறார்கள். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய நாலு இட்டிலி. வாழையிலையில் ஒரு பொட்டலம். உள்நாட்டு விமானத்துக்குக் கைப்பையில் இதைத் தாராளமாக எடுத்துப் போகலாம். சாம்பாரும் சட்டினியும்தான் சோதனைக்காரரிடம் அகப்பட்டுக்கொள்ளக் கூடும். பளபளக்கும் அந்த மண்டபத்தில் பொட்டலத்தைப் பிரிக்கச் சிலர் கூசுகிறார்கள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பைக்குள்ளேயே வைத்து விண்டு தின்கிறார்கள். ஏன் கூச வேண்டும்? பக்கத்து நாற்காலிக்காரர் முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய குளிர்ந்த ரொட்டியை மென்றுகொண்டே அந்த மிளகாய்ப்பொடி வாசனையைத்தான் மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் ஒரு இட்டிலி கொடுக்கலாம். தண்ணீருக்கு ஒரு காலிப் புட்டியைக் கொண்டுபோனால் போதும். சோதனையைத் தாண்டியதும் சுவரோரத்தில் இருக்கும் குடிநீர்க் குழாயில் காசில்லாமல் நிரப்பிக்கொள்ளலாம்.