ஜில்லா திருச்சிராப்பள்ளி, தாலுகா உடையார்பாளையம்

டர்பன் ஆவணக் காப்பகத்துக் கப்பல் பட்டியல்களில் ஆளுக்கு ஒரு வரிதான். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், கடைசியில் உடம்பில் உள்ள மச்சம் அல்லது தழும்பு. சென்னையில் புறப்பட்ட 'ட்ரூரோ' 1860 நவம்பர் 16 அன்று டர்பனைத் தொட்டது. அதில் தொடங்கி 1911 வரை 384 கப்பல் பயணங்களில் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறங்கினார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் இன்று அந்த ஒற்றை வரியின் நகலோடு தமிழ்நாட்டுக் கிராமங்களைத் தேடி வருகிறார்கள். அந்த வரி பெரம்பலூர், அரியலூர் மண்ணைக் காட்டினால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பூர்வீகம் தேடுவதில் உலகத்துக்கே மூத்தவர்கள் அயர்லாந்துக்காரர்கள். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதே அளவு பேர் கப்பல் ஏறினார்கள். அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் அவர்களின் வாரிசுகள் திரும்பி வந்து தேடும்போது முட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு. 1922 ஜூன் கடைசியில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினில் இருந்த பொது ஆவண அலுவலகம் தீயில் போயிற்று. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகள் பெரும்பாலும் அதோடு சரி. அதற்குப் பிந்தைய நாற்பது ஆண்டுக் கணக்கேடுகளை அரசாங்கமே அழித்திருந்தது. ஆக 1901க்கு முன்னால் போக வேண்டுமென்றால் நிலவரி மதிப்பீட்டு ஏடுகளும் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளும்தான் பெரிய துணை.

நம் கதை தலைகீழ். தாது வருஷப் பஞ்சத்திலும் அதற்கு முன்னும் பின்னும் போனவர்களைப் பற்றிய காகிதம் கடலுக்கு அப்பால் பத்திரமாக இருக்கிறது. மொரீஷியஸின் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகள் அடுக்கடுக்காக உள்ளன. பலருக்குப் புகைப்படமே உண்டு. நேட்டாலில் ஒவ்வொரு கூலியாளுக்கும் கொடுத்த எண் அவர் கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு என்று எல்லாக் காகிதத்திலும் ஒட்டிக்கொண்டே வந்தது. தாத்தாவின் ஒரு சான்றிதழில் அந்த எண் கிடைத்தால் கப்பல் வரை போய்விடலாம். ஆள் தொலைவது கடலுக்கு இந்தப் பக்கம், நம் ஊரில்.

முதல் குழப்பம் ஊர்ப்பெயர். அரியலூர் மாவட்டம் என்று தேடினால் எதுவும் கிடைக்காது. அன்று பெரம்பலூரும் உடையார்பாளையமும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் தாலுகாக்கள். 1995இல்தான் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001 ஜனவரி 1இல் அரியலூர் அதிலிருந்து பிரிந்தது, மறு வருஷமே திரும்பச் சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. உள்ளூர்க்காரருக்கே தலை சுற்றும். போதாததற்கு எழுத்தரின் காது வேறு. பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்க் குறிப்புகளில் ஆங்கிலேயர்கள் உடையார்பாளையத்தை 'வாரியார்பொல்லம்' என்று எழுதிவைத்தவர்கள். அடுத்த நூற்றாண்டில், சொந்த ஊர்ப்பெயரை எழுத்தில் பார்த்தே இராத ஒருவர் வாயால் சொல்ல, அவர் பேச்சு புரியாத ஒருவர் எழுதிய கிராமப் பெயர் என்ன ஆகியிருக்கும்? நகலைக் கையில் வாங்கியதும் கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் அவர் காதில் விழும்படி படியுங்கள்.

அடுத்தது ஆள் பெயர். தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் 'கோவெண்டர்' ஆகி, படையாச்சி 'படையாச்சி'யாகவே நின்று, இரண்டும் குடும்பப்பெயர்களாகிவிட்டன. ஜெயங்கொண்டம் பக்கம் வந்து படையாச்சி வீடு எது என்று கேட்டால் எந்தத் தெருவைக் காட்டுவது? சாமியில் முடியும் பெயர்கள் அத்தனை இருந்ததால் நேட்டால் வெள்ளைக்காரர்கள் இந்தியர் எல்லோரையுமே 'சாமி' என்று ஏளனமாகக் கூப்பிட்டார்கள். முதல் தலைமுறையின் தகப்பன் பெயரே அடுத்த தலைமுறைகளுக்கு நிரந்தரக் குடும்பப்பெயரானதும் உண்டு. அப்படி ஒரு முனுசாமியோ பெருமாளோ ஊரைக் காட்டமாட்டார்.

மிஞ்சுவது சாதிப் பத்தி. வருகிறவர் அதைச் சொல்லக் கூசுவார், அல்லது அது என்னவென்றே தெரியாமல் உரக்கக் கேட்டுவிடுவார். ஆனால் எந்தத் தெருவுக்குப் போவது என்பதை நம் ஊரில் இன்னமும் அதுதான் தீர்மானிக்கிறது. இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அந்தப் பத்தியை முழுசாக நம்பவும் முடியாது. கப்பலில் இடம் கிடைக்க மாற்றிச் சொன்னவர்கள் உண்டு, எழுத்தர் தோராயமாக எழுதியதும் உண்டு. பழைய நிலப் பதிவேடுகளைத் தாலுகா அலுவலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேடச் சொல்வார்கள். தேடலாம். ஆனால் பட்டா வைத்திருந்தவன் எதற்குக் கப்பல் ஏறுகிறான்? போனவர்களில் பலர் காணி நிலம் இல்லாதவர்கள், சேரியிலிருந்து போனவர்களும் உண்டு. அவர்கள் பெயர் அடங்கலில் ஏறியதே இல்லை.

கத்தோலிக்கக் குடும்பம் என்றால் கொஞ்சம் அதிர்ஷ்டம். வீரமாமுனிவர் கோயில் எழுப்பிய ஏலாக்குறிச்சி போன்ற பழைய பங்குகள் அரியலூர்ப் பக்கம் உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரோடு ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். பங்காளி யார், சம்பந்தி யார் என்று அதிலிருந்து பிடிக்கலாம். அயர்லாந்துக்காரர் செய்வதும் இதையேதான். மறைமாவட்ட எல்லைகள் மாறியதை மட்டும் கவனிக்க வேண்டும். கும்பகோணம் மறைமாவட்டம் பிறந்ததே 1899இல்.

இலங்கைக்குப் போனவர்களுக்கு இந்த ஒற்றை வரிகூடக் கிடையாது. அவர்கள் ஒப்பந்தக் கூலிகள் அல்ல. கங்காணி கூட்டிப்போன சனம். 1914இல் தனுஷ்கோடி ரயிலும் தலைமன்னார்க் கப்பலும் இணைவதற்கு முன்பு, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் காலராவில் விழுந்தவர்களுக்கு யார் பட்டியல் போட்டார்கள்? கங்காணி தன் சொந்தபந்தத்தையும் தன் ஊர்க்காரரையும்தான் சேர்த்துப் போவார். ஆகவே ஒரு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அடுத்தடுத்த காம்பராக்களில் இருந்தவர்கள் யார் என்று கேட்டால், அது ஊரைத் தேடுவதற்குச் சமம். தோட்டத்து 'பிரட்டு'ப் புத்தகம், அதாவது ஆள்வருகைப் பதிவேடு, இருந்தால் அதுவும் உதவும்.

கொடிவழி தெரிவது அங்கே வெறும் ஆசையாக இருக்கவில்லை. 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்றோ, அப்பாவழித் தாத்தாவும் அவர் தகப்பனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்கச் சொன்னது. லயத்தில் பிறந்த தாத்தாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? தோட்டத் தமிழர் வாழும் மலையகம் நாடற்றதாயிற்று. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்துப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். திருச்சி ஜில்லா என்று மட்டும் தெரிந்து மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களுக்குப் பூர்வீக ஊர் என்பது பாட்டி வாயில் கேட்ட ஒரு சொல்தான்.

அந்தச் சொல்லும் இல்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்வேன்: சாமி எது என்று கேளுங்கள். மலையகத்தில் ஆலைச் சக்கரத்துக்கு ரோதமுனி, கவ்வாத்துக்கு ஒரு சாமி என்று புதுசாகப் படைத்துக்கொண்டார்கள்; ஆனாலும் வீட்டுச் சாமியை விடவில்லை. ஊரும் பட்டப்பெயரும் மறந்துபோன குடும்பத்தில் குலதெய்வத்தின் பெயர் நிற்கும். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்களில் பங்காளி எது, மாமன் மச்சான் எது என்று பூசாரி வீட்டாருக்கும் கோயில் வரிதாரர்களுக்கும் தெரியும். பெரம்பலூர்ப் பக்கம் பல குடும்பங்களுக்குச் சிறுவாச்சூர் மதுரகாளி அப்படித்தான். ஒன்று மட்டும்: வழக்கமாக நடை திறப்பது திங்களும் வெள்ளியும். டர்பனிலிருந்து டிக்கெட் போடும்போதே கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.