பரிசுக்கு நூலை அனுப்புவது யார்?

பன்னாட்டு புக்கர் பரிசுக்கு நூலாசிரியர் தம் நூலைத் தாமே அனுப்ப இயலாது. பதிப்பகமே அனுப்ப வேண்டும். அந்நூல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, பிரிட்டனிலோ அயர்லாந்திலோ வெளிவந்திருக்கவும் வேண்டும்.

நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டுப் பகுதியில் பிறந்தவர் பெருமாள்முருகன். சாதி கடந்த மணத்தைப் பற்றிய அவரது ‘பூக்குழி’ நாவல் 2013இல் வெளிவந்தது. அனிருத்தன் வாசுதேவன் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். லண்டனிலுள்ள புஷ்கின் பதிப்பகம் 2022இல் அதை வெளியிட்டது. 2023இல் நடுவர்கள் தேர்ந்தெடுத்த 13 நூல்களுள் அதுவும் ஒன்று. அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் தமிழ் நூலும் அதுவே.

வெல்லும் நூலுக்குரிய 50,000 பவுண்டை ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பெறுவர். ஏன் தெரியுமா? நடுவர்கள் படிக்கும் ஒவ்வொரு சொல்லும் மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொல். மொழிபெயர்க்க ஆளில்லையேல், எத்துணைச் சிறந்த நூலும் அவர்கள் கைக்கு எட்டாது.