துடுப்புப் பிடிக்கும் கையும் ஆற்றுநீரும்

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்னும் இரு பல்கலைக் கழகங்களுக்கிடையே தேம்ஸ் நதியில் நடைபெறும் படகுப் போட்டி 1829-ஆம் ஆண்டில் தொடங்கியது. வென்ற அணியினர் தம் படகுக்குச் சுக்கான் பிடித்தவரைத் தூக்கி நீரில் எறிந்து மகிழ்வது அங்கே வழக்கம். ஆனால் 2024-இல், நீரில் இறங்க வேண்டாமென்று படகோட்டிகளுக்கு அறிவுரை கூறப்பட்டது. ஈ-கோலை என்னும் குடற்கிருமி அந்நீரில் மிகுந்திருப்பதாகச் சோதனையில் தெரியவந்ததே காரணம்.

அக்கிருமி அங்கே எவ்வாறு வந்தது? 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸின் துர்நாற்றம் தாங்காமல், பாஸல்ஜெட் என்னும் பொறியாளரைக் கொண்டு லண்டன் மாநகருக்குப் பெருஞ் சாக்கடைகளை அமைத்தார்கள். மழைநீரும் மலநீரும் ஒரே குழாயில் ஓடும் ஏற்பாடு அது. பெருமழையில் குழாய் நிரம்பினால் மிகுதி ஆற்றில் வழிந்துவிடும். ஆகையால் மழைக்கு அடுத்த ஓரிரு நாட்கள் படகேறாமலிருப்பதே நன்று.

குடற்கிருமியால் வரும் பேதி பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். நான் பெரிதும் அஞ்சுவது எலிக்காய்ச்சலையே. இதன் கடுமையான வகையை 1886-இல் விவரித்தவர் வைல் என்னும் ஜெர்மானிய மருத்துவர். திருகுச் சுருள் போன்ற அதன் கிருமி எலியின் சிறுநீரகத்தில் தங்கி, சிறுநீரோடு ஆற்றில் கலக்கிறது. அதை நாம் பருகவேண்டும் என்பதில்லை. தோலிலுள்ள சிறு வெடிப்பு போதும், கண்ணும் மூக்கும் போதும். துடுப்பு வலிப்பவன் உள்ளங்கையைப் பார்த்திருக்கிறீர்களா? கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து, மறுநாளும் அதே கையால் வலிப்பான். அவன் அதை வீரத் தழும்பென்று எண்ணுகிறான். கிருமிக்கோ அது திறந்த வாயில்.

1984-இலும் 1988-இலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆண்டி ஹோம்ஸ் என்னும் ஆங்கிலப் படகு வீரர், 2010-ஆம் ஆண்டில் இந்நோயால் தமது 51-ஆம் வயதில் மறைந்தார். உடல் வலிமை இந்நோய்க்குக் கவசமாகாது.

காப்பு முறைகளோ மிக எளியவை. புண்களை நீர்புகாத ஒட்டுத்துணியால் மூடிக்கொள்ள வேண்டும். வெறுங்காலோடு கரையில் நடந்து படகை இறக்கலாகாது. குடிநீர்ப் புட்டியைப் படகின் அடித்தளத்தில் உருளவிடாமல் மூடிய பைக்குள் வைக்கவேண்டும். தெறித்த நீர் புட்டியின் வாயில் படிந்துவிடுமல்லவா? கரையேறியதும் சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே உணவைத் தொடலாம். குளிப்பதோடு படகையும் துடுப்பையும் நல்ல நீரால் கழுவி உலர்த்துக. ஈரமில்லாத இடத்தில் இக்கிருமி நெடுநேரம் வாழாது.

நீரில் இறங்கிய நாளிலிருந்து நான்கு வாரத்திற்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை தோன்றினால், சளிக்காய்ச்சலென்று படுத்திருத்தல் கூடாது. மருத்துவர் கேளாவிட்டாலும், "ஆற்றில் படகு வலித்தேன்" என்று நாமே சொல்லிவிட வேண்டும். டாக்சிசைக்ளின், பெனிசிலின் போன்ற மருந்துகள் தொடக்கத்திலேயே கொடுக்கப்பட்டால் நன்கு பயன் தரும். காமாலை கண்டு, சிறுநீரகமும் தளர்ந்த பிறகு மருத்துவரின் பாடு கடினமாகிவிடும்.