கரையில நிக்கற படகும் கடலுக்குத்தான்!

ஏப்ரல் 15 வந்துட்டா கட்டுமாவடிக்குத் தெற்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையைப் பார்க்கணும் நீங்க. விசைப்படகுகள் எல்லாம் வரிசையா நிக்கும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்! ஆனா, ‘இவங்க தொழிலையே விட்டுட்டாங்க’ன்னு யாரும் சொல்றதில்லை. வலையைச் சரி பண்ணுவாங்க, இன்ஜினைப் பிரிச்சுப் பார்ப்பாங்க, பெயின்ட் அடிப்பாங்க. ஜூன் பாதியில திரும்பவும் கடல்!

கட்டுமாவடியில பஸ் ஏறி காலேஜ் போற பிசிக்ஸ் ஸ்டூடன்ட்டுக்கும் இது பொருந்தும். எம்.எஸ்ஸி. ஆசை மனசு நிறைய இருக்கும். ஆனா வீட்டுல கடன், தங்கச்சி படிப்பு. ‘முதல்ல வேலைக்குப் போ’ம்பாங்க. போங்க, தப்பே இல்லை. அஞ்சாறு வருஷம் கழிச்சுத் திரும்பி வர முடியுமாங்கறதுதான் கேள்வி.

முடியும். நம்ம சர் சி.வி.ராமனையே எடுத்துக்குங்க. 1907-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடிச்சவர், நேரா கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி ஆயிட்டார். பத்து வருஷம் கணக்கு வழக்குதான் வேலை. ஆனா ஆபீஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் லேப்ல இருப்பார். 1917-ல் அதிகாரி வேலையை உதறிட்டு, அதைவிடக் குறைஞ்ச சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார். 1921-ல் கப்பல் பயணத்தில், கடல் ஏன் நீலமா இருக்குன்னு யோசிச்சது அவரை ஒளிச்சிதறல் ஆய்வுக்குள்ளே இழுத்தது. 1928-ல் ‘ராமன் விளைவு’, 1930-ல் நோபல்!

‘அவர் மேதை சார்’ங்கறீங்களா? சரி, ‘குயின்’ ராக் குழுவின் கிட்டாரிஸ்ட் பிரையன் மே. லண்டன் இம்பீரியல் காலேஜ்ல வான இயற்பியல் பிஹெச்.டி. பண்ணிட்டிருந்தவர், 1974-ல் பாட்டுக்காகப் பாதியில விட்டார். 2006-ல் திரும்பிப் போய், நடுவுல வந்த முப்பது வருஷ ஆராய்ச்சியையும் படிச்சு, 2007-ல் டாக்டர் ஆயிட்டார். அமெரிக்காவில் மான்ஃப்ரெட் ஸ்டெய்னர்னு ஒரு மருத்துவர். ஓய்வு பெற்ற பிறகு பிசிக்ஸ் வகுப்புல உட்கார்ந்து, 2021-ல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் பிஹெச்.டி. வாங்கினார். அப்போ அவருக்கு வயசு 89!

ஈஸின்னு மட்டும் நினைச்சுடாதீங்க. முதல்ல துருப்பிடிக்கறது கணக்குதான். நியூட்டன் விதி மறக்காது; டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் கையை விட்டுப் போயிடும். அதனால திரும்பி வர்றவங்க குவாண்டத்துல குதிக்காம, வெக்டர், மேட்ரிக்ஸ், கால்குலஸ்ல ஆரம்பிக்கணும். படிச்சா மட்டும் போதாது. பேப்பர்ல தினம் ரெண்டு கணக்காவது போட்டுப் பார்க்கணும். டியூஷன் காசு இல்லையா? ஐ.ஐ.டி.களின் ‘என்.பி.டி.இ.எல்.’ வகுப்புகள் இலவசம். சென்னை ஐ.ஐ.டி.யில பேராசிரியரா இருந்த வி.பாலகிருஷ்ணனின் இயற்பியல் வகுப்புகளை மொபைல்லயே பார்க்கலாம்.

ஐ.ஐ.டி.யில எம்.எஸ்ஸி.க்கான ‘ஜாம்’ தேர்வுக்கும் ‘கேட்’ தேர்வுக்கும் வயசு வரம்பே கிடையாது. ஆனா சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்கு வயசு வரம்பு உண்டு, பெண்களுக்குக் கொஞ்சம் சலுகையும் உண்டு. அந்தக் கணக்கை இப்பவே போட்டு வெச்சுக்குங்க. கல்யாணம், குழந்தைன்னு இடைவெளி விழுந்த பெண்கள் ஆராய்ச்சிக்குத் திரும்பவும் உதவற திட்டம் ஒண்ணை மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெச்சிருக்கு, பேரு ‘வைஸ்-கிரண்’.

காலேஜை விட்டுக் கிளம்பும்போது மூணு விஷயம் பண்ணுங்க. மார்க் ஷீட்டுகளைப் பத்திரப்படுத்துங்க. பிடிச்ச புரொஃபசருக்கு வருஷம் ஒரு போனாவது போடுங்க; நாளைக்கு சிபாரிசுக் கடிதம் தர்றவர் அவர்தான். நோட்ஸை மட்டும் பழைய பேப்பர் கடையில போட்டுடாதீங்க.

வேலைக்குப் போற வருஷங்களைத் தடைக்காலம்னு நினைச்சுக்குங்க. கரையில இருக்கும்போதும் வலையைச் சரி பண்ணிட்டே இருந்தா போதும். கடல் எங்கேயும் போயிடாது ஃப்ரெண்ட்ஸ்!